வீட்டுக்கும் நிகர எடை வேண்டும்

பருப்பு மூட்டை வந்து இறங்கினால் சாக்கு எடையைக் கழித்துத்தான் நாம் பணம் தருகிறோம். எண்ணெய் என்றால் டின் எடை கழியும். பாக்கெட் சரக்கின் மேல் நிகர எடை அச்சிட வேண்டும் என்பது 1977-லிருந்தே விதி. இன்று 2011-ஆம் ஆண்டு விதிகள் நடப்பில் உள்ளன. எடை குறைந்தால் முத்திரை ஆய்வாளர் கடை வாசலில் நிற்பார்.

வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் வீட்டுக்கு மட்டும் இந்த நியாயம் ஏன் இல்லை?

கோவையில் வீட்டுத் தரகர்கள் பலர் வீட்டுக்கு ஒரு படி வைத்து அளக்கிறார்கள். தனி வீட்டுக்குச் சென்ட் கணக்கு. லைன் வீடுகளுக்கு வாடகை வரும்படிக் கணக்கு. பழைய வீடாக இருந்தால், விற்பவரிடம் "இடிக்கப்போகிற கட்டடம், மனைக்குத்தான் விலை" என்பார்கள். வாங்குபவரிடம் "அந்தக் காலத்துத் தேக்கு, இரும்பு மாதிரிக் கட்டடம்" என்பார்கள். கமிஷன் இரண்டு பக்கமும் உண்டு.

அடுக்குமாடி வீட்டில்தான் பெரிய கழிவு மறைந்திருக்கிறது. 1,200 சதுர அடி, அடி 6,000 ரூபாய், மொத்தம் 72 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். லிஃப்ட், மாடிப்படி, பொது நடை எல்லாம் அந்த 1,200-க்குள் அடங்கும். நம் குடும்பம் புழங்க 850 அடிதான் என்றால், உண்மை விலை அடிக்கு 8,470 ரூபாய். சாக்கோடு சேர்த்து நிறுத்திய எடை இது.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் இதற்கு வழி செய்திருக்கிறது. வெளிச்சுவர், பால்கனி நீங்கலாக உள்ளே புழங்கும் பரப்புக்குக் கார்ப்பெட் ஏரியா என்று பெயர். திட்டத்தைப் பதிவு செய்யும்போதே கட்டுநர் அதைச் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது.

ஆகவே வீடு பார்க்கப் போகும் நம்மவர்கள் சமையலறை மேடையையும் கிழக்குப் பார்த்த வாசலையும் ரசிக்கும் முன் மூன்றைக் கேட்க வேண்டும். கார்ப்பெட் ஏரியா எத்தனை அடி? பிரிபடாத மனைப் பங்கு பத்திரத்தில் எவ்வளவு? 435.6 சதுர அடி ஒரு சென்ட். கட்டடம் பழசாகும், மண்தான் நிற்கும். திட்டத்துக்கும் தரகருக்கும் பதிவு எண் உண்டா? பதில்களை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம்மில் சிலர் கல்லாவில் இருந்தபடியே வீட்டுத் தரகும் பார்க்கிறார்கள். பதிவான திட்டங்களில் வீடு விற்றுத் தர முகவராகப் பதிவு செய்வது கட்டாயம். அதைச் செய்துவிட்டுத் தாராளமாகத் தொழில் நடத்தலாம். ஆனால் கடைக்கு வரும் வாடிக்கையாளர் நம் தராசை நம்பித்தான் நாம் காட்டும் வீட்டையும் நம்புகிறார். அவரிடம் கழிவு போக மிஞ்சும் அளவைச் சொல்லித்தான் விலை பேச வேண்டும்.