முத்திரை மட்டும் போதுமா?

கடைத்தெருவில் எடைக்கல்லுக்கு அரசு முத்திரை உண்டு. அந்த முத்திரையை நாம் ஏன் நம்புகிறோம்? முத்திரையிட்ட அதிகாரியின் மீதுள்ள மதிப்பினால் மட்டும் அன்று. ஐயம் எழுந்தால் அதே கல்லை அடுத்த கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிடலாம் என்பதனால்தான். விமானத்தைச் செலுத்தும் கணிப்பொறிக்கும், காரின் பிரேக்கை ஆளும் கணிப்பொறிக்கும், நோயாளியின் மார்புக்குள் இருந்து இதயத் துடிப்பைச் சீர்செய்யும் சிறு கருவிக்கும் இத்தகைய முத்திரைகள் உண்டு. ஆனால் அவற்றினுள் ஓடும் கட்டளைத் தொடரை, அதாவது நிரலை, வேறொரு தராசில் வைத்துப் பார்க்க நமக்கு வழியில்லை. உயிரோடு தொடர்புடைய பொறிகளின் நிரலும், அது சரியென்பதற்கான சான்றுகளும் எவரும் காணத் திறந்து வைக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து.

தெராக்-25 என்னும் கதிர்வீச்சு மருத்துவப் பொறியின் கதையை நம்மில் பலர் அறிந்திருக்கமாட்டோம். கனடா அரசின் அணுசக்தி நிறுவனம் செய்த பொறி அது. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அதனால் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர், சிலர் மாண்டனர். முந்தைய தெராக்-20 பொறியில், தவறு நேர்ந்தால் கதிரைத் தடுக்கத் தனியான காப்புப் பூட்டுகள் இருந்தன. புதிய பொறியில் அவற்றை நீக்கிவிட்டு, காவற்பணியையும் நிரலிடமே ஒப்படைத்தார்கள். நிரலின் பல பகுதிகளோ பழைய பொறிகளிலிருந்து எடுத்தாளப்பட்டவை. பிழை பழைய பொறியிலும் இருந்திருக்கிறது. பூட்டுகள் காத்ததால் வெளியே தெரியவில்லை!

1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகர மருத்துவமனையில், பொறியை இயக்கிய பெண்மணி எலெக்ட்ரான் கதிருக்குரிய எழுத்துக்குப் பதிலாக எக்ஸ் கதிருக்குரிய எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே கண்டுகொண்டு, திரையில் மேலே சென்று திருத்தி, மளமளவென்று வேலையை முடித்தார். பொறியின் காந்தங்கள் நிலைகொள்ள ஏறத்தாழ 8 விநாடிகள் ஆகும். அந்த இடைவெளிக்குள் செய்த திருத்தத்தை நிரலின் ஒரு பகுதி அறிந்தது. மற்றொரு பகுதி அறியவில்லை. திரையில் 'கோளாறு 54' என்று வந்தது. அது என்ன கோளாறு என்று கையேட்டில் விளக்கம் இல்லை. 180 ராட் பெற வேண்டிய நோயாளி 16,500 முதல் 25,000 ராட் வரை பெற்றிருக்கலாம் என்று பின்னர் கணக்கிட்டார்கள். அடுத்த மாதமே அதே மருத்துவமனையில் இன்னொருவர்.

இதன் காரணத்தைக் கண்டுபிடித்தவர் நிரலை எழுதியவர் அல்லர். அம்மருத்துவமனையின் இயற்பியலாளர் அப்பெண்மணியோடு அமர்ந்து, மீண்டும் மீண்டும் விரைவாகத் தட்டிப் பார்த்து, அந்த 54-ஐ வரவழைத்தார். அவர் கையில் இருந்தது விசைப்பலகை ஒன்றே. முன்னதாக, 1985 ஜூலையில் கனடாவின் ஒண்டாரியோவில் நேர்ந்த விபத்துக்கு ஒரு சிறு சுவிட்சைக் காரணம் காட்டி, அதைச் சீர்செய்ததால் பாதுகாப்பு 1,00,000 மடங்கு உயர்ந்துவிட்டது என்று நிறுவனம் அறிவித்திருந்தது. அதற்குப் பிறகுதான் டைலர்.

இன்று நெறிமுறைகள் கடுமையாகிவிட்டன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விமான மென்பொருளுக்கு 2011-இல் வெளிவந்த டிஓ-178சி நெறியின்படி, பிழைத்தால் விமானமே அழியக்கூடிய 'ஏ' நிலை நிரலில், ஒவ்வொரு நிபந்தனையும் தனித்தே முடிவை மாற்ற வல்லது என்பதைச் சோதனையால் காட்ட வேண்டும். எழுதியவரே சரிபார்த்தால் ஏற்கமாட்டார்கள். மெச்சத்தக்க நெறி! ஆயினும் அச்சான்றுக் கட்டுகள் பெரும்பாலும் நிறுவனத்தின் அலமாரியிலும் அதிகாரியின் மேசையிலும் நின்றுவிடுகின்றன.

வேறு வழியும் உண்டு. சிட்னி நகர ஆய்வாளர்கள் எஸ்.இ.எல்.4 என்னும் இயக்குதளக் கருவை எழுதினார்கள். சி மொழியில் ஏறத்தாழ 8,700 வரிகள். அந்நிரல் தன் வரையறையிலிருந்து வழுவாது என்பதை 2009-இல் கணித முறையில் மெய்ப்பித்தார்கள். அந்த மெய்ப்பு ஏறத்தாழ 2,00,000 வரிகள்! மனிதர் படித்து முடிக்கக் கூடியதன்று. இசபெல் என்னும் திறந்த மென்பொருள் ஒவ்வோர் அடியையும் சரிபார்க்கிறது. 2014-இல் நிரலையும் மெய்ப்பையும் உலகுக்குத் திறந்துவிட்டார்கள். கணிதம் பயிலும் என் போன்றோர்க்கு இது புதுமையன்று. பிதாகரஸ் தேற்றத்துக்கு எந்த அலுவலகமும் முத்திரை குத்தவில்லையே! வன்பொருள் பழுதின்றி இயங்கும் என்பது போன்ற எடுகோள்களையும் அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். தான் எதற்குப் பொறுப்பில்லை என்று சொல்லும் முத்திரையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

'திறந்து வைத்தாலே பிழை ஓடிவிடுமா?' என்று கேட்பீர்கள். ஓடாது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மென்பொருளில் 2012-இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் பிழை 2014 வரை அங்கேயே இருந்தது. கதவைத் திறந்தால் போதாது, உள்ளே பார்க்க ஆளும் வேண்டும். அவருக்குக் கூலியும் வேண்டும். 'எவரும் திருத்தலாமென்றால் பொறுப்பு யாருக்கு?' என்பது அடுத்த கேள்வி. படிக்கும் உரிமை வேறு, பொறியில் ஏற்றும் உரிமை வேறு. கையொப்பமிட்டுப் பொறுப்பேற்பவர் என்றும் தயாரிப்பாளரே. தொழில் இரகசியம் என்பாரிடம் எனக்கு அவ்வளவாக இரக்கமில்லை. மாத்திரை அட்டையில் உள்ள மருந்து இன்னதென்று அச்சிட்டுத்தானே விற்கிறார்கள்? கேரன் சாண்ட்லர் என்னும் அமெரிக்க வழக்கறிஞர், தம் இதயத்தில் பொருத்தப்பட்ட கருவியின் மூலநிரலைக் கேட்டார்; கிடைக்கவில்லை. தம் உடலுக்குள் ஓடுவதைத் தாமே படிக்கலாகாது என்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

ஆகவே, உடலுக்குள் பொருத்தும் கருவிகளிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும் என்பேன். இடையில், நம் கணிதத் துறைப் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சிட்னியார் வெளியிட்ட மெய்ப்பை ஒரு விடுமுறை நாளில் நம் கணிப்பொறிக்கூடத்தில் ஓட்டிப் பார்க்கலாமே. கட்டணம் ஏதும் இல்லை. நினைவகம் சற்றுப் பெரிதாக உள்ள ஒரு கணிப்பொறியும், பல மணி நேரம் நிற்காத மின்சாரமும் இருந்தால் போதும்.