கடைசியில் வருபவர்

பழைய மாணவர் ஒன்றுகூடி மலையேறச் செல்லுதல் உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம் பயக்கும் முயற்சியாகும். அதனை நான் முழுமனத்துடன் வரவேற்பவன். ஆயினும், திரும்பி வந்தவர்களிடம் முதலிற் கேட்கப்படும் கேள்வி, “ஒரே நாளில் எத்தனை முடி ஏறினீர்கள்?” என்பதாகவே இருக்கின்றது. அக்கேள்வி பிழையானது என்பதே என் துணிபு.

சமநிலமான யாழ்ப்பாணத்திற் பிறந்தவனுக்கு மலையைப்பற்றி என்ன தெரியும் என்று அன்பர்கள் நகைக்கலாம். பெயரிலே மலையைத் தாங்கிய கீரிமலையிலும் நாம் கண்டது கடலோரக் கேணியைத்தானே! நான் மலையை அறிந்தது, தொழிலின் பொருட்டு வட அயர்லாந்தில் வாழ்ந்த காலத்திலாகும்.

அந்நாட்டின் தென்கிழக்கிலே, கடலை அடுத்து மோர்ன் மலைகள் எழுகின்றன. அவை கருங்கல் மலைகள். ஆனால் கல்லின் நிறமோ வெளிர்சாம்பல். அவற்றுள் உயர்ந்ததாகிய சிலீவ் டொனாட் ஏறக்குறைய 2,790 அடி. பெல்பாஸ்ற் நகருக்குக் குடிநீர் தரும் நிலப்பரப்பைக் காப்பதற்காக 1904 முதல் 1922 வரை அம்மலைகள்மேல் ஒரு மதில் கட்டப்பட்டது. சாந்தின்றிக் கல்லின்மேற் கல்லாக அடுக்கப்பட்ட அம்மதில், நெடுந்தீவின் கல்வேலிகளைக் கண்டவர்க்குப் புதுமையாகத் தோன்றாது. அது 15 முடிகளின்மேல் ஏறி இறங்கிச் செல்கின்றது.

ஒரு நாள் நாங்கள் எண்மர் அம்மதிலைத் துணையாகக் கொண்டு நான்கு முடிகளை ஏறப் புறப்பட்டோம். எம்முள் ஒருவர் இக்கல்லூரியில் என்னுடன் ஒரே வாங்கில் இருந்து படித்தவர். பயண நேரத்தை நேஸ்மித் என்பவர் 1892இல் வகுத்த விதிப்படி கணித்தோம்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணி நேரம். நல்ல விதிதான். ஆனால் அக்கணக்கிலே முழங்கால் நோவுக்கும் மூடுபனிக்கும் இடமில்லை.

டொனாட்டையும் கொமடாவையும் அவற்றினும் தாழ்ந்த மூன்றாவது முடியையும் கடந்து, ஹேர்ஸ் கணவாய்க்கு இறங்கினோம். உதிர்ந்த கருங்கற் பருக்கைகள் காலடியில் உருண்டு, இறக்கத்தை ஏற்றத்தினும் கடினமாக்கின. நண்பரின் முழங்கால் வீங்கிவிட்டது. எதிரே நின்றது சிலீவ் பேர்னா. உச்சியிற் பாறைகள் கோட்டைபோலத் துருத்தி நிற்கும் அழகிய மலை. “மச்சான், நீர் போய் வாரும்; நான் இதிலே இருக்கிறேன்” என்றார் அவர். நான் போனேன். நான்காவது முடி எனக்கு வேண்டியிருந்தது.

இரண்டு மணி நேரத்தின் பின் திரும்பியபோது கணவாயை மூடுபனி முற்றாக மறைத்திருந்தது. மதிலின் காற்றுப்படாத பக்கத்தில், நடுங்கிய கைகளைக் கக்கத்துள் வைத்தபடி அவர் இருந்தார். கோபமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேர்னாவின் உச்சியில் நான் கண்ட காட்சி இன்று நினைவில் இல்லை; அந்தக் கைகள் நினைவில் உள்ளன.

எண்ணிக்கை மனிதரை மட்டுமன்றி மலையையும் வருத்தும். மதிலை முழுதும் ஒரே நாளிற் சுற்றிவரும் கூட்டுநடையொன்றை வட அயர்லாந்து இளைஞர் விடுதிச் சங்கம் 1957ஆம் ஆண்டு தொடக்கம் ஆண்டுதோறும் நடத்தியது. காலப்போக்கில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். கல் உறுதியானதுதான், அதன்மேற் படர்ந்த மண்ணோ மெல்லியது. பாதணிகள் புல்லை அழிக்க, மழை மண்ணை அரித்தது. 1984ஆம் ஆண்டுடன் அந்நடை நிறுத்தப்பட்டது. கூட்டம் பெருகியதை வெற்றியென்று கொண்டாடாது, மலையின் பொருட்டு நிறுத்தியவர்களின் செயலை நான் மிக மதிக்கின்றேன்.

இளைஞருக்குப் பேரவா வேண்டாமா என்று சிலர் வினவலாம். வேண்டும். ஆனால் இன்னொருவரைத் தனியே விட்டுச் சென்று பெறும் உயரம் உயரமாகாது. மலைக்குச் செல்லும் குழு சிறிதாக இருத்தல் வேண்டும். நடையின் வேகத்தைக் கடைசியில் வருபவரே வகுத்தல் வேண்டும். திரும்பும் நேரத்தைப் புறப்படுமுன்னரே குறித்து, உச்சி கண்முன் நிற்பினும் அந்நேரத்தில் திரும்புதல் வேண்டும். ஒருவர் இளைத்தால் அனைவரும் இறங்குதல் வேண்டும். இவை எளிய விதிகள். முதல் முடியில் அல்ல, கடைசி முடியின் அடிவாரத்திலேதான் இவற்றைக் கைக்கொள்ளுதல் அரிது.

இம்மலரை வாசிக்கும் மாணவரும் பழைய மாணவரும் அடுத்த முறை மலைக்குச் சென்று மீள்வோரைக் காணும்போது முடிகளின் தொகையைக் கேளாதிருப்பாராக. “எல்லாரும் ஒன்றாக இறங்கினீர்களா?” என்று கேட்பாராக. அன்று அக்கேள்வியை என்னிடம் கேட்க ஒருவரும் இருந்திலர்.