குடும்பத்தோடு அமர்ந்து காண என்ன இருக்கிறது?

"மக்கள் விரும்புவதைத்தான் தருகிறோம்" என்பது தொலைக்காட்சி நடத்துவோர் நெடுங்காலமாய்ச் சொல்லிவரும் சமாதானம். ஆவணப்படம் என்றாலே வீட்டிலுள்ளோர் எழுந்து போய்விடுகின்றனராம்; அறிவூட்டும் நிகழ்ச்சிக்கு விளம்பரம் கிடைப்பதில்லையாம்; ஆகவே மாமியார் மருமகள் சச்சரவை ஆண்டுக்கணக்கில் நீட்ட வேண்டியிருக்கிறதாம். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. நம் நாட்டு வரலாறே இதற்கு மாறாகச் சான்று பகர்கிறது.

1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடைபெற்றது. விக்ரம் சாராபாய் கண்ட கனவு அது. அவர் மறைந்து நான்காண்டுகளுக்குப் பின் நனவாயிற்று. அமெரிக்காவிடம் ஓராண்டுக்கு இரவலாகப் பெற்ற ஏ.டி.எஸ்.-6 என்னும் கோளின் துணையால் ஆந்திரம், கருநாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் சென்றன. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மாலையில் உழவும் உடல்நலமும் குறித்துப் பெரியவர்களுக்கு. ஊர்ப் பொதுவிடத்தில் வைத்த ஒரே பெட்டியின் முன் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக அமர்ந்து கண்டனர். மக்கள் வெறுத்தா அது நின்றது? இல்லை, இரவல் தவணை முடிந்தது, கோள் திரும்பிப் போயிற்று.

அதே 1975-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்துப் பீஜ் என்னும் சிற்றூரிலிருந்து மற்றொரு முயற்சி தொடங்கிற்று. கூலி உழைப்பாளரின் கடன் தொல்லை, தீண்டாமை, பெண்களின் துயர் ஆகியவற்றை அவ்வூர் மக்களின் பேச்சுமொழியிலேயே நாடகமாக்கி, அம்மக்களையே நடிக்கவும் செய்தனர். 1984-இல் யுனெஸ்கோ அதற்குப் பரிசளித்துப் போற்றிற்று. தம் வாழ்க்கையைத் திரையில் கண்ட மக்கள் எழுந்து போய்விடவில்லை என்பதை விளம்பரக் கணக்கர்கள் குறித்துக்கொள்வார்களாக!

தமிழகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. 1975 ஆகஸ்டு 15-இல் பிறந்த சென்னைத் தொலைக்காட்சி 'வயலும் வாழ்வும்' தந்தது. 2019 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, மறு ஆண்டு பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பாடங்களை வீட்டுக்கே கொண்டுவந்தது. அதற்கு நன்றி பாராட்டுவோம். ஆயினும் அது மாணவனுக்கும் தேர்வுக்கும் உரியது. அவன் அருகே அமர்ந்திருக்கும் தாய்க்கும் பாட்டிக்கும் அதில் என்ன பங்கு? கரும்பலகையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் அது குடும்ப நிகழ்ச்சி ஆகிவிடாது.

பெட்டியே வீட்டுக்கு ஆகாது என்று விலக்கிய பெரியவர்களும் நம் சமுதாயத்தில் உளர். அவர்களின் அச்சத்தை நாம் எள்ளமாட்டோம். ஆனால் இன்று பெட்டியை வாசலில் தடுத்தும் பயனில்லை. அது கைபேசியாகி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் புகுந்துவிட்டது. தந்தை ஒரு மூலையில், மகள் ஒரு மூலையில், தனித்தனியே எதையோ கண்டுகொண்டிருக்கின்றனர். தடை மட்டும் போதாது. அதனிடத்தில் வைக்க நல்லதொன்று வேண்டும்.

அதற்குரிய பொருள் நம்மிடம் இல்லையா? மேற்கு மலையடிவாரத்து அச்சன்புதூரையே எடுத்துக்கொள்வோம். சமவெளி வெயிலில் வாடும் ஜூன் மாதத்தில் அருகேயுள்ள குற்றாலத்தில் சாரல் பொழிகிறதே, ஏன்? ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று ஈரத்தோடு நுழைவதால். இதை எந்த நிகழ்ச்சி நம் பிள்ளைகளுக்குக் காட்டிற்று? கடையநல்லூரின் கைத்தறி, கோயிற் கட்டடக் கலையின் சாயல் படிந்த பொட்டல்புதூர் தர்கா, அங்கே கூடும் பல சமயத்து மக்கள் என ஒவ்வொன்றும் ஒரு படத்துக்குரிய பொருள். இவ்வட்டாரத்தில் வளைகுடா நாடுகளில் உழைக்கும் தந்தையர் பலர். அவர்களும் ஊரிலுள்ள பிள்ளைகளும் ஒரே இரவில் ஒரே படத்தைக் கண்டு, மறுநாள் தொலைபேசியில் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். பணம் வந்ததா, மதிப்பெண் என்ன என்பவற்றுக்கு அப்பால் பேச அவர்களுக்கு ஒரு செய்தி கிடைக்கும். இது சிறிய பயனா?

பொருட்செலவு என்பார்கள். ஏ.கே. செட்டியார் காந்தியடிகளைப் பற்றிய படத்துக்காக நாடு நாடாக அலைந்து 50 ஆயிரம் அடிப் படச்சுருளைத் திரட்டி, 1940-இல் தமிழ் விளக்கவுரையோடு திரையிட்டார். அன்று சுருளுக்கே பணம் வேண்டும். இன்று கைபேசியே படக்கருவி. அவரிடம் இருந்து நம்மிடம் இல்லாதது உழைப்பும் பொறுமையுமே.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. பொதிகை என்ற பெயரை 2024-இல் டிடி தமிழ் என மாற்றிக்கொண்ட அரசுத் தொலைக்காட்சி, பெயரோடு நில்லாமல் இரவுணவு வேளையில் ஒரு மணி நேரத்தைக் குடும்ப ஆவணப்படங்களுக்கு ஒதுக்கட்டும். திருமண விருந்தை நான்கு கருவிகளால் படம்பிடிக்கும் நம் செல்வர்கள் அச்செலவில் ஒரு பங்கை ஊர் வரலாற்றைப் படமாக்கும் இளைஞருக்குத் தரட்டும். படமெடுப்போர் உபதேசத்தை விட்டு, பாட்டியும் பேரனும் ஒருசேர வியக்கும்படி சொல்லக் கற்கட்டும்.

இலையில் சோறே இடாமல் விருந்தினருக்குப் பசியில்லை என்று முடிவுகட்டுவது முறையன்று. முதலில் பரிமாறுங்கள்; பசி உண்டா இல்லையா என்பதைப் பிறகு பார்ப்போம்.