கருவிக்குப் பெயர் சூட்டினர், காயத்துக்கு?

காடு என்றதும் கவிஞன் குயிலைத் தேடுவான். சீமான் வேட்டையைத் தேடுவான். பாட்டாளி கேட்பதோ வேறு: "அங்கே பாடுபடுபவன் யார்? அவனுக்குக் கிடைப்பது என்ன?"

தோழர்களே! அமெரிக்காவின் தேசியக் காடுகளிலே உள்ள ரேஞ்சர் நிலையம் ஒன்றுக்குள் நாமும் நுழைந்து பார்ப்போம். காட்டுவழிப் படம் தருகிறார்கள். விறகு வெட்ட அனுமதிச் சீட்டு தருகிறார்கள். நெருப்பு மூட்டலாமா, கூடாதா என்று எச்சரிக்கிறார்கள். 1905-இல் தோன்றிய வனத்துறை, 19 கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை இப்படிச் சரகம் சரகமாகப் பிரித்து நிர்வகிக்கிறது. நல்ல ஏற்பாடு!

ஆனால் வரவேற்பு மேசையோடு திரும்பிவிட வேண்டாம். கருவிக் கொட்டிலையும் காண்போம். ஒருபுறம் கோடரி, மறுபுறம் மண்கொத்தி, இரண்டும் ஒரே காம்பிலே. அதன் பெயர் புலாஸ்கி.

யார் அந்தப் புலாஸ்கி? ஐடஹோ மாநிலத்து வாலஸ் நகரின் ரேஞ்சர். 1910 ஆகஸ்ட் 20, 21 ஆகிய இரண்டே நாளில் 30 லட்சம் ஏக்கர் காடு தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 85 பேர் மாண்டனர். அவர்களிலே மிகப் பெரும்பாலோர், மணிக்கு 25 சென்ட் கூலிக்குத் தீயணைக்கச் சென்ற தொழிலாளர்! புலாஸ்கி நாற்பது பேருக்கு மேல் அழைத்துக்கொண்டு பழைய சுரங்கமொன்றுக்குள் புகுந்தார். அஞ்சி வெளியே ஓட முயன்றோரைத் துப்பாக்கி காட்டித் தடுத்தார். சிலர் உள்ளேயே மடிந்தனர், பெரும்பாலோர் பிழைத்தனர். அவர் கண்ணும் நுரையீரலும் பழுதுபட்டன.

ஈடு கேட்டார், அரசு தரவில்லை. 1923-இல் அந்த அனுபவத்தை எழுதி, இதழொன்றின் போட்டியிலே 500 டாலர் பரிசு பெற்றார். உயிரைக் காத்ததற்குக் கிடைக்காத பணம், எழுதியதற்குக் கிடைத்தது! அவர் பரப்பிய கருவிக்கு மட்டும் அவர் பெயர் நிலைத்தது.

பழங்கதையா இது? தீயணைப்போரைத் தாக்கும் சில நோய்களுக்கு, பணியே காரணமென்று ஏற்று ஈடு வழங்கும் சட்டம் அங்கே 2022-இல்தான் வந்தது. 2025 பிப்ரவரியிலோ, வனத்துறையில் ஏறத்தாழ 3,400 பேர் வெளியேற்றப்பட்டனர். "தீயணைப்போரைத் தொடவில்லை" என்றது அரசு. ஆனால் வெளியேற்றப்பட்டோரிலே பலர், தீ மூண்டால் களமிறங்கப் பயிற்சி பெற்றவர்கள். அடுத்த மாதமே திரும்ப எடுத்துக்கொள்ள ஆணை பிறந்தது.

கோடரி துருப்பிடித்தால் வேறொன்று வாங்கலாம். அதைப் பிடிக்கும் கரம் கடையிலே கிடைக்குமா? காடு காப்போனுக்குப் புகழ்மாலை பிறகு சூட்டலாம். முதலில் கூலியையும் மருந்தையும் கொடுங்கள்! அது சலுகையல்ல, கடன்!