பாரம் யாருக்கு?

வைத்தியரின் மிரட்டலுக்குப் பயந்து, நாற்பத்தைந்தாம் வயதில் நானும் ஒரு 'ஜிம்'மில் சேர்ந்தேன். புதியவர்களுக்கென்று வாசலிலேயே விதிப்பலகை: வியர்வையைத் துடை, காத்திருப்பவருக்கு இடம் விடு, எடுத்ததை எடுத்த இடத்தில் வை.

நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். புதியவனுக்குப் பயம் உண்டல்லவா? மீறுகிறவர்கள் யார் தெரியுமா? அங்கே பழம் தின்று கொட்டை போட்டவர்கள்தாம்!

ஒரு வாலிபர் 20 கிலோ ராடில், பக்கத்துக்கு இரண்டாக நான்கு 20 கிலோ பிளேட்டுகளைக் கோத்தார். ஆக 100 கிலோ! மல்லாந்து படுத்து ஏற்றி இறக்கினார், கண்ணாடியில் தம் அழகைப் பார்த்தார், போய்விட்டார்.

பெருக்க வந்த அம்மாள் அவற்றைக் கழற்றினார். ஒரே பக்கம் இரண்டையும் உருவினால் மறுபக்கப் பாரத்தில் ராடு கவிழக்கூடும். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"தினமும் இருக்கிறதுதானே, சார்!" என்றார்.

இதை வெறும் மரியாதைக் குறைவு என்று சொல்லிவிடாதீர்கள். இது சுரண்டல். நூறு கிலோ தூக்கியவருக்கு இருபது கிலோவைத் திருப்பி வைக்கத் தெம்பில்லையா? நீர் கட்டிய சந்தாவில் அந்த அம்மாளின் முதுகெலும்பும் சேர்த்தியா, ஐயா?

வாசலில் இருக்கும் பலகையைக் கழற்றுங்கள். பழையவர்கள் ஓயாமல் பார்க்கும் அந்தக் கண்ணாடியின் மேல் மாட்டுங்கள்!