தணிக்கையாளர்களைக் கண்காணிக்கும் ஆணையம்: எங்கள் நிலைப்பாடு

கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று ஒப்புக்கொண்டார். வங்கிகளிடம் நேரடியாகக் கேட்டிருந்தால் வெளிப்பட்டிருக்கக்கூடிய பொய் அது. அந்தக் கணக்குகளுக்குச் சான்றளித்த தணிக்கை நிறுவனமான பிரைஸ் வாட்டர்ஹவுஸுக்கு, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2018-ல் இரண்டாண்டுத் தடை விதித்தது. தணிக்கையின் தரத்தை ஆராய்வது செபியின் அதிகார எல்லைக்குள் வராது என்று கூறி, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2019-ல் அந்தத் தடையை நீக்கியது. மோசடி வெளிவந்து பத்து ஆண்டுகள் ஆன பிறகும், தணிக்கை நிறுவனத்தைக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு என்ற வழக்குதான் நடந்துகொண்டிருந்தது. பணத்தை இழந்த பங்குதாரருக்கு இதைவிடப் பெரிய அநீதி வேண்டியதில்லை.

பட்டயக் கணக்காளர் கழகமே விசாரிக்கட்டும், தொழிலின் நுணுக்கம் தொழிலில் இருப்பவருக்குத்தான் புரியும் என்பது பழைய வாதம். நுணுக்கம் தேவை என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதைத் தகுந்த வல்லுநர்களைப் பணியமர்த்திப் பெற்றுவிடலாம். கழகத்தின் மன்றத்தில் உள்ள 40 இடங்களில் 32 உறுப்பினர்களின் வாக்கால் நிரப்பப்படுகின்றன. தனக்கு வாக்களித்தவர்களையே தண்டிக்கும் சுமையை எந்த மன்றத்தின் மீதும் ஏற்றக் கூடாது. அதனால்தான் 2013-ம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 132-வது பிரிவின்படி 2018-ல் அமைந்த தேசிய நிதி அறிக்கை ஆணையத்தை ஆதரிக்கிறோம். கடும் கண்காணிப்பு சிறு தணிக்கையாளர்களை நசுக்கும் என்ற அச்சத்துக்கும் அடிப்படை குறைவு. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும், அவற்றுக்கு வெளியே மிகப் பெரிய நிறுவனங்களுமே பெரும்பாலும் அதன் வரம்பில் வருகின்றன; ஊரில் கடைக்கணக்கு பார்க்கும் ஆடிட்டர் வருவதில்லை.

ஆதரிப்பதாலேயே அதன் குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் 132-வது பிரிவு செல்லும் என்றது. ஆனால் தணிக்கையைக் குறைகூறி அறிக்கை தந்தவர்களே ஒழுங்கு நடவடிக்கையையும் தொடங்கியதில் நடுநிலை இல்லை என்று, ஆணையம் தணிக்கையாளர்களுக்கு அனுப்பிய நோட்டீஸ்களை ரத்து செய்தது. இதைத் தணிக்கை நிறுவனங்களின் வெற்றியாக நாங்கள் பார்க்கவில்லை. நியாயமாக விசாரிக்காத ஆணையத்தின் உத்தரவுகள் நீதிமன்றத்தில் விழும்போது நட்டமடைபவர் முதலீட்டாளர்தான். ஆகவே ஆய்வு செய்யும் பிரிவும் தண்டிக்கும் பிரிவும் வெவ்வேறு ஆட்களிடம் இருக்கும்படி சட்டத்திலேயே எழுத வேண்டும். செலவுக்கு அரசின் மானியத்தை எதிர்பார்க்கும் நிலையும் மாற வேண்டும்: கணக்கு மோசடியால் என்ரான் நிறுவனம் வீழ்ந்த பின் அமெரிக்கா 2002-ல் உருவாக்கிய தணிக்கை மேற்பார்வை வாரியம் பட்டியலிட்ட நிறுவனங்கள் செலுத்தும் கட்டணத்தில் இயங்குகிறது. அரசு நிறுவனங்களின் தணிக்கையையும் தயங்காமல் ஆராய, அத்தகைய கட்டணத்தை இங்கும் விதிக்கக் கோருகிறோம்.