வளர்த்த கிளப்பும் இரவல் காளையும்



சென்ற வாரம் மில் கேட் கூட்டம் முடிந்து டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதல் ஷிப்ட் முடித்து வந்த ஓர் இளம் ஸ்பின்னிங் தொழிலாளி தன் செல்போனை என் முன் நீட்டினார். இங்கிலாந்துக் கால்பந்துச் செய்தி. சிறுவயதிலிருந்து தன்னை வளர்த்த கிளப்பை விட்டு, ஆட வாய்ப்பில்லை என்று வேறொரு கிளப்புக்கு இரவலாகப் போகிறானாம் ஒரு பையன். "பாருங்கள் தோழரே! சோறு போட்ட வீட்டை மறந்த பயல்!" என்றார் அவர்.

பக்கத்தில் ஒரு வயதான பதிலித் தொழிலாளி பீடி பற்றவைத்துக் கொண்டிருந்தார். அவர் சொன்னார்: "ஏன் தம்பி, நீ ஆறு மாசம் பதிலியா இந்தக் கேட்டில் நின்னு பாரு. உள்ளே மிஷின் ஓடுற சத்தம் கேட்கும். உன் பேரை மட்டும் கூப்பிட மாட்டான். அப்புறம் வந்து அந்தப் பையனைத் திட்டு."

அந்தப் பெரியவர் விஷயத்தின் ஆணிவேரைத் தொட்டுவிட்டார். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்வது என் கடமை.

இந்த இரவல் என்பது என்ன? ஆட்டக்காரனோடு எழுதிய ஒப்பந்தத்தைத் தன் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, ஆளை மட்டும் ஒரு சீசனுக்கோ அரை சீசனுக்கோ இன்னொரு கிளப்புக்கு அனுப்பி வைப்பது. வாடகை எவ்வளவு, சம்பளத்தில் யாருக்கு எத்தனை பங்கு, எப்போது திருப்பி அழைக்கலாம் என்பதை எல்லாம் இரண்டு கிளப்புகளும் பேசி முடிக்கும். கடைசியில் பையனிடமும் ஒரு கையெழுத்து வாங்குவார்கள். "அவன் சம்மதித்துத்தானே போனான்!" என்று பின்னால் சொல்வதற்கு அது உதவும். ஒரே ஒரு கதவை மட்டும் திறந்து வைத்துவிட்டு, "உன் இஷ்டப்படி எந்தக் கதவு வழியாகவும் போகலாம்" என்று சொல்லும் சுதந்திரம் அது!

ஓர் உண்மையான உதாரணம் தருகிறேன். லண்டனில் செல்சி என்று ஒரு பெரிய கிளப். அங்கே பள்ளிச் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்தவர் கானர் கேலகர். 2000-ம் ஆண்டு பிறந்தவர். முதல் அணியில் இடம் இல்லை. 2019-ல் அவரை சார்ல்டன் கிளப்புக்கு இரவல் அனுப்பினார்கள். அங்கே 26 லீக் ஆட்டங்கள் ஆடி 6 கோல் அடித்தார். சீசன் பாதியிலேயே, 2020 ஜனவரியில், அவரைத் திருப்பி அழைத்து ஸ்வான்ஸீ கிளப்புக்கு அனுப்பினார்கள். அந்த சீசன் முடிவில் சார்ல்டன் கிளப் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. நடுவயலில் ஏரை நிறுத்திவிட்டுக் காளையை அவிழ்த்துக்கொண்டு போனால், வயல்காரன் என்ன ஆவான் என்று காளையின் சொந்தக்காரனுக்கு என்ன கவலை?

அடுத்த ஆண்டு வெஸ்ட் பிராம்விச். அதற்கடுத்த ஆண்டு கிரிஸ்டல் பேலஸ். மூன்று ஆண்டுகளில் நான்கு கிளப், நான்கு சட்டை. பேலஸ் கிளப்பில் 34 லீக் ஆட்டங்கள், 8 கோல். அங்கே ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத்தான் 2021 நவம்பரில் இங்கிலாந்து தேசிய அணியிலேயே இடம் கொடுத்தார்கள்.

இனிமேல்தான் கூத்து. 2022 ஏப்ரலில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. பேலஸ் மோத வேண்டியது செல்சியோடு. அந்த சீசன் முழுதும் பேலஸ் அணிக்காக ஓடி ஓடி உழைத்தவர் கேலகர். ஆனால் இரவல் கொடுத்த கிளப்பை எதிர்த்து ஆட வேண்டுமானால், அந்தக் கிளப்பே அனுமதி தர வேண்டும். பேலஸ் கேட்டது, செல்சி மறுத்தது. கேலகர் ஆடவில்லை. செல்சி 2-0 என்று ஜெயித்தது. "ஆட்ட வாய்ப்புக்காகத்தான் அனுப்பினோம்" என்றவர்கள், அந்த வாலிபனின் வாழ்க்கையிலேயே பெரிய ஆட்டம் வந்த நாளில் அவரைப் பார்வையாளராக உட்கார வைத்தார்கள். எஜமானுக்கு எதிராகக் கொம்பை ஆட்டாதே என்பதே இதன் அர்த்தம்!

இத்தனைக்கும் பிறகு அவர் செல்சிக்கே திரும்பினார். 2023-24 சீசனில் பல ஆட்டங்களில் தலைவருக்குரிய கைப்பட்டை அணிந்து ஆடினார். விசுவாசம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேறென்ன வேண்டும்? பலன் என்ன? 2024 ஆகஸ்டில் அவரை ஸ்பெயின் நாட்டு அட்லெட்டிக்கோ மாட்ரிட் கிளப்புக்கு விற்க ஏற்பாடு நடந்தது. அவர் மாட்ரிட் போனார். வைத்தியப் பரிசோதனையும் முடிந்தது. அதற்குள், மாட்ரிட்டிலிருந்து செல்சி வாங்கவிருந்த இன்னொரு இளைஞனின் பேரம் முறிந்தது. உடனே கேலகரின் பேரமும் நின்றது. ஓட்டலில் காத்திருந்தவர் லண்டனுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. ஜோவோ ஃபெலிக்ஸ் என்ற வேறோர் ஆட்டக்காரரை வாங்க செல்சி ஒப்புக்கொண்ட பிறகுதான், பல நாள் கழித்து, கேலகரின் விற்பனை முடிந்தது. சந்தையில் பேரம் படியாத மாட்டைத் திருப்பி ஓட்டி வருவது போல ஒரு மனிதரை ஓட்டி வந்தார்கள்!

விசுவாசமாக இருந்தவரை ஏன் விற்றார்கள்? ஆட்டம் சரியில்லையா? கால் ஓய்ந்துவிட்டதா? காரணம் மைதானத்தில் இல்லை தோழர்களே, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

அப்போது இங்கிலாந்தின் முதல் பிரிவு லீகில் ஒரு விதி இருந்தது. மூன்று ஆண்டுகளில் ஒரு கிளப் 10 கோடியே 50 லட்சம் பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது. காசைக் கொட்டி ஆட்களை வாங்கிக் குவித்த கிளப்புகள் கணக்கை நேராக்க ஒரு குறுக்கு வழி கண்டன. ஐந்து கோடி கொடுத்து ஐந்து வருஷத்துக்கு ஓர் ஆட்டக்காரனை வாங்கினால், வருஷத்துக்கு ஒரு கோடி வீதம் செலவு எழுதுவார்கள். இரண்டு வருஷம் கழித்து அவனை அதே ஐந்து கோடிக்கு விற்றால், புத்தகத்தில் மூன்று கோடி பாக்கி நிற்கும். லாபம் இரண்டு கோடிதான். ஆனால் சிறுவயதிலிருந்து தாங்களே வளர்த்த பையனுக்குப் புத்தகத்தில் விலையே கிடையாது. அவனை மூன்று கோடிக்கு விற்றால் மூன்று கோடியும் லாபம்!

ஆகவே எவன் வீட்டுப் பிள்ளையோ, அவனே முதலில் சந்தைக்குப் போகிறான். ஆறு வயதில் செல்சியில் சேர்ந்தவர் மேசன் மவுண்ட். நெதர்லாந்தின் விட்டெஸ், இங்கிலாந்தின் டார்பி ஆகிய கிளப்புகளில் இரவல் இருந்துவிட்டு வந்தார். 2021-ல் ஐரோப்பிய சாம்பியன் பட்டத்தைச் செல்சிக்கு வாங்கித் தந்த கோலுக்குப் பந்து கொடுத்தவர் அவர்தான். 2023-ல் அவரையும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள். டாமி ஏப்ரகாம், ஃபிகாயோ தொமோரி, மார்க் கேஹி எல்லோரும் அங்கே வளர்ந்து, இரவல் சுற்றிவிட்டு, 2021-ல் விற்கப்பட்ட பிள்ளைகள். கிளப்பே 2022 மே மாதம் 250 கோடி பவுண்டுக்குக் கைமாறியது. கிளப்பையே விற்கலாம், அதை வளர்ப்பு வீடு என்று நம்பிய பையன் மட்டும் இடத்தை விட்டு அசையக் கூடாதாம்! என்ன நியாயம் இது?

"வளர்த்த கிளப்பை விட்டுப் போகிறவன் துரோகி" என்று பிரலாபிப்பவர்களைக் கேட்கிறேன்: பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தால் ஆட்டக்காரனின் தொழில் என்ன ஆகும்? தறியைத் தொடாத நெசவாளியின் விரல் மரத்துப் போகும். ஏர் பிடிக்காதவனின் தோள் இளைத்துப் போகும். கால்பந்துக்காரனின் தொழில் வாழ்க்கையே பத்து, பதினைந்து வருஷம். அதில் இரண்டு வருஷத்தை வெறும் பெஞ்சில் கழி என்று சொல்வது, வயலில் ஈரம் இருக்கும்போது விதைக்காதே என்று சொல்வதாகும். இருந்தால் சோம்பேறி, போனால் துரோகி. அந்தப் பையன் என்னதான் செய்வான்? உழைக்க வேண்டும் என்று கேட்பவன் துரோகி அல்ல.

"அவர்களுக்குக் கொள்ளைச் சம்பளம். அவர்களுக்காக நாம் ஏன் கண்ணீர் விட வேண்டும்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரிய கிளப்புகளின் நட்சத்திரங்கள் வாங்கும் பணத்தை நினைத்தால் நமக்குத் தலை சுற்றுகிறது. அவர்களுக்காக யாரும் அழ வேண்டாம். ஆனால் இரவல் சந்தையில் நிற்பவர்கள் எல்லோரும் நட்சத்திரங்கள் அல்லர். 2018-19 சீசனில் செல்சி ஒரு கிளப் மட்டும் சுமார் 40 ஆட்டக்காரர்களை வெளியே இரவல் விட்டிருந்தது. ஓர் அணி ஆட 11 பேர் போதும்! மீதிப் பேரை எதற்காகச் சேர்த்து வைத்தார்கள்? நூறு பேருக்கு வேலை உள்ள மில்லில் முந்நூறு பதிலிகளைப் பதிந்து வைக்கும் முதலாளியின் தந்திரம் நமக்குப் புரியாததா? ஆள் மலிந்தால் பேரம் முதலாளி கையில்.

"இரவல் போய்த்தானே பெக்காமும் கேனும் ஆளானார்கள்?" என்று இன்னொரு கூட்டம் கொக்கரிக்கிறது. உண்மைதான். டேவிட் பெக்காம் 1995-ல் பிரெஸ்டன் கிளப்புக்கு இரவல் போய் 5 ஆட்டங்களில் 2 கோல் அடித்தார். ஹாரி கேன் டாட்டன்ஹாமிலிருந்து நான்கு கிளப்புகளுக்கு இரவல் போய்த் திரும்பினார். அவர்கள் ஆடியதால் உயர்ந்தார்கள். ஆட இடம் கிடைப்பது நல்லது என்றுதான் நாமும் சொல்கிறோம். ஆனால் கரையேறிய இருவரைக் காட்டி, ஆற்றோடு போனவர்களை மறைக்கப் பார்ப்பது பம்மாத்து. இரவலை ஒழி என்று நாம் கேட்கவில்லை. கயிறு யார் கையில் என்று கேட்கிறோம்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. உலகக் கால்பந்து ஸ்தாபனமான ஃபிஃபா 2022 ஜூலை முதல் ஒரு விதி கொண்டுவந்தது. நாடு விட்டு நாடு அனுப்பும் இரவலுக்கு உச்சவரம்பு: ஒரு கிளப் முதலில் 8 பேர், 2024 ஜூலை முதல் 6 பேர். ஓர் இரவல் ஓராண்டுக்கு மேல் போகக் கூடாது. இரவல் வாங்கியவன் இன்னொருவனுக்கு மறு இரவல் விடக் கூடாது. எல்லாம் நல்ல ஷரத்துகள். ஆனால் அடியில் ஒரு விலக்கு: 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களும், அந்தக் கிளப்பிலேயே பயிற்சி பெற்று வளர்ந்தவர்களும் இந்த எண்ணிக்கையில் சேர மாட்டார்கள்! யாருக்குப் பாதுகாப்பு வேண்டுமோ, அவனைத் தவிர மற்றவர்களுக்கு வேலி போட்டிருக்கிறார்கள். இளைஞனையும் வீட்டுப் பிள்ளையையும் எத்தனை பேரை வேண்டுமானாலும் அனுப்பலாம்!

இந்த விதிகள் ஆகாயத்திலிருந்து விழுந்தவை அல்ல. மனிதர் எழுதியவை, மனிதர் மாற்றியவை. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ஒப்பந்தம் முடிந்த பிறகுகூட ஆட்டக்காரனைக் கிளப் பிடித்து வைக்கலாம். வாரச் சம்பளம் 20 பவுண்டுக்கு மேல் தரக் கூடாது என்று உச்சவரம்பும் இருந்தது. 1960-ல் நியூகாசில் கிளப்பை விட்டுப் போக விரும்பிய ஜார்ஜ் ஈஸ்ட்ஹாமை அந்தக் கிளப் விட மறுத்தது. அவர் ஆடவே மறுத்து, தக்கை விற்கும் வேலைக்குப் போய் வயிறு கழுவினார். ஆட்டக்காரர்களின் சங்கம் அவர் பின்னால் நின்றது. அதே சங்கம் வேலைநிறுத்த எச்சரிக்கை கொடுத்ததும் 1961 ஜனவரியில் 20 பவுண்டு உச்சவரம்பு உடைந்தது. ஈஸ்ட்ஹாம் வழக்கில் 1963-ல் லண்டன் உயர்நீதிமன்றம், பிடித்து வைக்கும் முறை நியாயமற்றது என்று தீர்ப்பளித்தது. 1995-ல் பெல்ஜியத்து ஆட்டக்காரர் போஸ்மன் ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஜெயித்தார். ஒப்பந்தம் முடிந்தவனுக்கு விலை கேட்கக் கூடாது என்றாயிற்று. ஒவ்வொரு முறையும் முதலாளிமார், "கால்பந்தே அழிந்துவிடும்" என்று நீலிக்கண்ணீர் வடித்தார்கள். கால்பந்து அழியவில்லை.

ஆகவே அந்த இளைஞர்கள் கேட்க வேண்டியவை தெளிவு. வளர்த்த பிள்ளைக்கும் இளைஞனுக்கும் எதிரான விலக்கை நீக்கு! ஆட்டக்காரனின் சம்மதம் இல்லாமல் நடு சீசனில் திருப்பி இழுக்காதே! இரவல் போன அணிக்காக எவரை எதிர்த்தும் ஆடும் உரிமை கொடு! இரண்டு சீசன் ஆட இடம் தர முடியாவிட்டால், விலை கேட்காமல் விட்டுவிடு!

அந்த இளம் தோழரிடம் அன்று இதையெல்லாம் சொல்ல நேரமில்லை. பெரியவர் பீடியை மிதித்து அணைத்துவிட்டு மறுபடியும் கேட் பக்கம் போனார், அடுத்த ஷிப்டுக்குத் தன் பெயரைக் கூப்பிடுவார்களா என்று பார்க்க. தோழரே, அடுத்த முறை உங்கள் செல்போனில் அப்படி ஒரு பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளப் வாசலைத் தாண்டும் படம் வந்தால், உடனே துரோகி என்று சொல்லிவிடாதீர்கள். நம் கேட்டில் நிற்கும் அந்தப் பெரியவரை ஒரு நிமிஷம் நினைத்துக் கொள்ளுங்கள். இருவரும் கேட்பது ஒன்றே: என் கையிலும் காலிலும் வேலை இருக்கிறது, அதைச் செய்ய இடம் கொடு!